அரிசிக்குள் தேடியவர்கள்

ஓகூஸ்
12 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் தோள்மூட்டு எப்படி இருக்கிறது? தொழிற்சாலையில் அத்தானுக்குப் பகல் வேலை கிடைத்துவிட்டதா?

இதைத் தொலைபேசியில் கேட்கலாம்தான். ஆனால் நீங்கள் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டுகிறீர்கள், இடையில் அத்தான் புகுந்து மழை பெய்கிறது என்கிறார், கடைசியில் கேட்ட கேள்வி கேட்டபடியே கிடக்கிறது. நான் பல்கலைக்கழகத்துக்கென்று இங்கே வந்த நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் கடிதம்தான் ஒத்துவந்திருக்கிறது.

வேலையில் ஒரு புதிய பொறுப்பைத் தந்திருக்கிறார்கள். டென்மார்க்கின் சிறு நகரங்களில் வீடு உடைத்தல், சைக்கிள் களவு, தோட்டக் கொட்டில் களவு எல்லாம் பத்து ஆண்டுகளில் எப்படி மாறியிருக்கின்றன என்று எங்கள் காப்புறுதி நிறுவனத்துக்காக ஓர் அறிக்கை எழுத வேண்டும். மார்கழிக்குள் முடிக்க வேண்டும். எண்கள் கையில் இருக்கின்றன. கோடு கீழேதான் போகிறது. உங்கள் கிரின்ஸ்டெட்டிலும் அப்படித்தான். களவு குறையக் குறைய மக்கள் கூடுதலாகப் பூட்டு வாங்குகிறார்கள். அந்த இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

முப்பது ஆண்டுகளாக அந்த ஊரில் இருப்பவர் என்பதால் கேட்கிறேன். அங்கே உண்மையில் என்னதான் களவு போகிறது?

ஆறுதலாக எழுதுங்கள். அத்தானை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கை
றெஜினா


கிரின்ஸ்டெட்
27 மே 2025

தங்கச்சி றெஜினாவுக்கு,

மாதாவின் காவலில் இங்கே இருவரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன் என்று எழுதத்தான் நினைத்தேன். நம்பவில்லை.

கடைக்கு முன்னால் நிறுத்தும் சைக்கிள் போகும். கட்டடம் கட்டும் இடத்தில் செம்புக் குழாய் போகும். போன மாதம் பக்கத்து வீட்டு பென்ற்றின் புல்வெட்டும் ரோபோவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மனிதர் மூன்று நாள் செத்தவீடு மாதிரி இருந்தார். அத்தான் துக்கம் விசாரிக்கப் போய், "பேர் வச்சு வளர்த்தனியளோ?" என்று பகிடிக்குக் கேட்டாராம். பேர் வைத்திருக்கிறார்கள், றெஜினா. ஒல்கா.

ஆடி விடுமுறைக்கு இம்முறையும் நான்தான் வங்கி. நிறோஷினி வீட்டார் மன்னாருக்கும் டெனிஸ்ரன் வீட்டார் யாழ்ப்பாணத்துக்கும் போகிறார்கள். ஸ்ரெபானி லூர்து யாத்திரை. நகையை வெறும் வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது, பயணத்தில் கொண்டு திரியவும் முடியாது. துணியில் சுற்றித் தைத்துப் பேர் எழுதிக் கொண்டுவந்து தருவார்கள். எங்கும் போகாதவள் ஒருத்தி ஊரில் இருந்தால் அவள் வீடுதான் எல்லோருக்கும் இரும்புப்பெட்டி.

அன்னா அங்கேதானே தாதிப் படிப்புப் படிக்கிறாள், அவளுக்கு ஒரு நாளாவது சோறு கொடு. பெற்றவளுக்கு டெனிஷில் பதில் சொல்கிறவள் சித்தியின் சோற்றுக்குத் தமிழ் பேசுவாள்.

இப்படிக்கு
அக்கா மேரிசெலின்


ஓகூஸ்
9 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அன்னா வந்தாள், இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள், "நல்லம் சித்தி" என்று இரண்டே இரண்டு தமிழ்ச் சொல் செலவழித்தாள்.

ஒல்காவை என் அறிக்கையில் சேர்த்துவிட்டேன், பெயர் இல்லாமல். ஆனால் அந்தப் பொதிகள் எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? அவர்களாவது படம் எடுத்து வைத்திருக்கிறார்களா? காப்புறுதியில் இருபது ஆண்டுகள் இருந்தவள் சொல்கிறேன், படமும் பட்டியலும் இல்லாத நகை தொலைந்தால் அது இருந்ததே இல்லை. தரும்போதே அவர்கள் முன்னால் அவிழ்த்து, படம் எடுத்து, திரும்பத் தைத்து வையுங்கள்.

களவு குறைந்திருக்கிறது என்று எழுதியவள் நான்தான். அதனால் பயமுறுத்தவில்லை. பழக்கம் பிழை என்று மட்டும் சொல்கிறேன்.

தோளுக்குச் சொன்ன பயிற்சியை விடாதீர்கள்.

தங்கை
றெஜினா


கிரின்ஸ்டெட்
23 ஜூன் 2025

தங்கச்சிக்கு,

சுகம். தோளும் பரவாயில்லை. கிழமைக்கு ஒரு நாள் பிசியோவிடம் போகிறேன்.

உன் பேச்சைக் கேட்டு நிறோஷினியிடம் கேட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"நிறோ, இதை ஒருக்கா அவிழ்த்துப் படம் எடுத்து வைப்பமே?"

"ஏன் செலினக்கா, போனமுறை பாரம் குறைஞ்சோ போனது?"

"அதுக்கில்லையடி. றெஜினா சொன்னவள்."

"றெஜினாக்கா கோயில் பக்கமே வாறேல்ல. நம்பிக்கையைப் பற்றி அவ எங்களுக்குப் படிப்பிக்கிறாவோ?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் முகம் கறுத்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு வாங்கி வைத்தேன். எண்ணாமல் தருவதும் கேட்காமல் வாங்குவதும்தான் இதில் உள்ள மரியாதை. பட்டியல் போட்டால் நான் செலினக்கா இல்லை, கடைக்காரி. உனக்கு விளங்காது, விளங்கவும் வேண்டாம்.

மற்ற இருவரும் அடுத்த கிழமை தருவார்கள். ஆவணி மாதா திருநாளுக்கு உன்னிடம் வந்து இரண்டு நாள் நிற்க நினைத்திருக்கிறேன். மீன் வாங்கி வை.

அக்கா
மேரிசெலின்


கிரின்ஸ்டெட்
24 ஜூலை 2025

றெஜினாவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

உன் வேலை சம்பந்தமாகச் சில விஷயம் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். கதவு உடைக்காமல் உள்ளே வர அவர்களுக்குத் தெரியுமா? ஒரு தரம் வந்த வீட்டுக்கு மறுபடி வருவார்களா? நடந்து சில நாள் கழித்துச் சொன்னால் பொலிஸ் எடுப்பார்களா, அல்லது அன்றைக்கே சொல்ல வேண்டுமா? சும்மா கேட்கிறேன். கோயிலில் ஒருவர் கேட்டார்.

பின்கதவுப் பூட்டு இறுகிப்போய்விட்டது, அத்தான் புதிதாகப் போட்டார். நான் குசினியையும் அறையையும் குளோறின் போட்டுக் கழுவினேன். அதில் தோள் மறுபடி பிடித்துவிட்டது. அதனால் திருநாளுக்கு வரவில்லை.

வேறு ஒன்றுமில்லை.

அக்கா


ஓகூஸ்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தோள் வலியோடு யார் உங்களைக் குளோறின் போட்டுக் கழுவச் சொன்னது? மீன்காரனிடம் சொல்லி வைத்திருந்தேன். பரவாயில்லை.

கோயிலில் கேட்டவருக்குச் சொல்லுங்கள். பழைய பூட்டென்றால் ஒரு திருகாணிக்கட்டை போதும், சத்தமே வராது. பெரும்பாலும் பகலில், இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் வருவார்கள். சுலபமாக வந்துபோன வீட்டுக்கு மறுபடி வருவதும் உண்டு. பொலிஸ் எப்போது சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள். ஆனால் அதற்குள் அந்த இடத்தைத் துடைத்துக் கழுவிவிட்டால் கைரேகைக்கு எங்கே போவது? எங்கள் ஆட்கள் விருந்தாளி வருகிறார் என்றாலே கூட்டித் துடைப்பவர்கள், பொலிஸ் வருகிறது என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பிழையைச் செய்ய வேண்டாம் என்று அவருக்குச் சொல்லுங்கள்.

எங்கள் தெருச் சிவப்புத் தபால்பெட்டியைத் தபால்துறை கழற்றிக்கொண்டு போய்விட்டது. இதை எங்கே போடுவது என்று தேடிப் போக வேண்டும்.

அத்தானுக்கு அன்பு.

தங்கை
றெஜினா


ஓகூஸ்
22 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

உங்கள் சுகத்தை இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் திகதி எழுதிய கடிதம் எனக்கே திரும்பி வந்துவிட்டது. அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லையாம். உறையின் மேல் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருப்பவருக்கு! நான்கு தரம் தொலைபேசி எடுத்தேன். நான்கு தரமும் அத்தான்தான். "அக்கா நித்திரை." மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் நித்திரை.

அன்னாவைப் பிடித்து உட்கார்த்திக் கேட்டேன். அப்பா தபால்பெட்டியிலிருந்து உங்கள் பெயர்த் தகட்டைக் கழற்றிவிட்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, துருப்பிடித்துவிட்டது என்றாராம். அது பிளாஸ்ரிக் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திரும்பி வந்த என் கடிதத்தை நானே மறுபடி வாசித்துப் பார்த்தேன். பூட்டு, குளோறின், கோயிலில் கேட்ட ஒருவர். இவ்வளவு படித்தும் எனக்கு அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை. பாடம் நடத்தியிருக்கிறேன்.

உங்கள் வீட்டில்தானே நடந்தது?

இதையும் அதையும் அன்னாவின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பதிலும் அவள் கையில் வரட்டும்.

றெஜினா


கிரின்ஸ்டெட்
25 ஆகஸ்ட் 2025

தங்கச்சிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஜூலை பதினேழு, வியாழக்கிழமை. அத்தான் வேலையில், நான் பிசியோவில். நான்கு மணிக்குத் திரும்பி வந்தால் பின்கதவு சும்மா சாத்தியிருந்தது. படுக்கையறை அலுமாரியில் பெரிதாகக் கை வைக்கவில்லை, தொலைக்காட்சியைத் தொடவில்லை. குசினியில் அரிசி வாளியைக் கவிழ்த்திருந்தார்கள். இருபது கிலோ அரிசி, நிலம் முழுக்க. மூன்று பொதியும் அதற்குள்தான் வைத்திருந்தேன். மூன்றும் இல்லை.

நான் கத்தவில்லை. கதிரையில் இருக்கவும் இல்லை. தும்புத்தடி எடுத்து அரிசியை ஒரு மூலைக்குக் கூட்டிவிட்டு நிலத்தைக் கழுவினேன், றெஜினா. யாரும் வந்து பார்த்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் மண்டையில் இருந்தது. அத்தான் வரும்போது நிலம் காய்ந்துவிட்டது. அரிசியை அள்ளிப் பையில் போட்டுக் குப்பைக்குக் கொண்டு போனார். அடுத்த நாள் பூட்டு மாற்றினார். தமிழ்ப் பேரைப் பார்த்துத்தான் வந்திருப்பார்கள் என்று தகட்டைக் கழற்றினார்.

என் தாலிக்கொடியும் இரண்டு காப்பும் எப்போதும் போல என் உடம்பில்தான் இருந்தன. அதுதான் இப்போது பெரிய வில்லங்கம். ஊரார் நகை போனது, செலினின் நகை போகவில்லை என்றால் வாய்கள் என்ன சொல்லும்?

மூன்று வீட்டாரும் வந்து இரண்டு கிழமை. "திருநாள் முடியட்டும், தாறன்" என்றேன். திருநாளும் முடிந்துவிட்டது. நேற்று நிறோஷினி வாசலில் நின்று, "செலினக்கா, ஒரு பிறந்தநாளுக்குப் போடோணும், இப்பவே எடுத்துத் தாங்கோவன்" என்றாள். தலையிடி என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். என் காப்பையும் கொடியையும் பிரித்து மூன்று பொதியாகத் தைத்துக் கொடுக்கலாம் என்று ஊசி நூல் எடுத்து வைத்தேன். உள்ளே என்ன இருந்தது என்றே தெரியாமல் எதைத் தைப்பது?

யாருக்கும் சொல்லாதே. பொலிசுக்குச் சொன்னால் அவர்கள் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்பார்கள். நகை போனதை மன்னித்தாலும் எங்கள் ஆட்கள் அதை மன்னிக்க மாட்டார்கள். முப்பது வருஷம் சேர்த்த பேர்.

அக்கா


ஓகூஸ்
28 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறீர்களா? அன்னா இல்லை என்கிறாள். முதலில் சாப்பிட்டுவிட்டு இதை வாசியுங்கள்.

நீங்கள் எழுதியதில் ஒன்று என்னை நித்திரை கொள்ள விடவில்லை. வருஷத்துக்கு எத்தனையோ வீட்டுக் களவு விபரங்களை வாசிக்கிறேன். மேசை இழுப்பறையில் தேடுவார்கள், மெத்தைக்கடியில் தேடுவார்கள், உறைபெட்டியிலும் தேடுவார்கள். இந்த நாட்டில் அரிசிக்குள் தேடிய கள்ளனை நான் ஒரு விபரத்திலும் கண்டதில்லை. உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அலுமாரியை விட்டுவிட்டு நேரே வாளிக்குப் போயிருக்கிறார்கள். அப்படியென்றால் வேறு எங்கேயோ ஓர் அரிசி வாளிக்குள் முன்பே கண்டிருக்கிறார்கள். கிரின்ஸ்டெட்டிலோ, விபோர்க்கிலோ, எங்கோ ஒரு தமிழ் வீட்டில். அந்த வீட்டாரும் உங்களைப் போலவே கூட்டித் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அவர்கள் அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீங்கள் அரிசிக்குள் வைத்திருக்க மாட்டீர்கள்.

நீங்கள் இப்போது சொல்லாவிட்டால் அடுத்த வாளி யாருடையது?

கோடு கீழே போகிறது என்று உங்களுக்கு எழுதினேனே, அதற்கு வெட்கப்படுகிறேன். அந்தக் கோட்டில் நீங்கள் இல்லை. உங்களுக்கு முன்னால் பறிகொடுத்தவரும் இல்லை. எத்தனை பேர் இல்லை என்று எனக்குத் தெரியாது. கள்ளருக்குத் தெரியும். நாங்கள் சொல்ல மாட்டோம் என்பதுதான் அவர்களுக்கு எங்களிடம் பிடித்த விஷயம்.

பேர், பேர் என்கிறீர்கள். களவெடுத்தவன் வெட்கப்படாமல் திரிகிறான், நீங்கள் பெயர்த் தகட்டைக் கழற்றிவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு நித்திரை கொள்கிறீர்கள். பொதி பொதியாக வீடு வீடாகச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கதையாகிவிடும். எல்லோர் முன்னாலும் ஒரே தரம் சொல்லுங்கள். பிறகு பொலிசுக்குப் போங்கள். நான் வந்து பக்கத்தில் நிற்கிறேன்.

தங்கை
றெஜினா


கிரின்ஸ்டெட்
16 செப்டம்பர் 2025

தங்கச்சிக்கு,

சாப்பிட்டேன். நேற்று இரண்டு கோப்பை சோறு. உன்னை வர வேண்டாம் என்று தொலைபேசியில் நான் சொன்னது சரிதான், நீ வந்திருந்தால் உன் பேச்சு என்றிருப்பார்கள். வராமலே சொன்னார்கள்.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணியும் றோல்சும். தேத்தண்ணி மேசைக்கு முன்னால் போய் நின்று, "எல்லாரும் ஒருக்கா இருங்கோ" என்றேன். செபமாலைக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் மெல்ல வாசலுக்கு நழுவினார்கள். "நீங்களும் இருங்கோ" என்றேன்.

வியாழக்கிழமை, பிசியோ, பின்கதவு, அரிசி, நான் கூட்டியது, கழுவியது, உங்களிடம் பொய் சொன்னது. எல்லாம் சொன்னேன். நிறோஷினி அழவில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள், அவ்வளவுதான்.

முதலில் வாய் திறந்தது பாடகர் குழுக் கிறிஸ்ரினா. அவளுடைய பொதி ஒன்றும் என்னிடம் இல்லை.

"அரிசிக்குள்ள கிடக்குதெண்டு வெளிக் கள்ளனுக்கு எப்பிடித் தெரியும்? வீட்டுக்குள்ள இருக்கிறவைக்குத்தான் தெரியும்."

"ஆரைச் சொல்லுறாய், கிறிஸ்ரினா?"

"நான் ஆரையும் சொல்லேல்ல. அந்தோனிதாசண்ணை ஏன் பேரைக் கழட்டினவர்? உங்கட காப்பு மட்டும் ஏன் கையில கிடக்குது?"

அத்தான் எழும்பிவிட்டார். அவர் கையைப் பிடித்து இருத்தினேன். காப்பு இரண்டையும் கழற்றி மேசையில் றோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இந்தா கிடக்குது. வேணுமெண்டவை எடுங்கோ. எடுத்தாலும் நான் நாளைக்குப் பொலிசுக்குப் போவன். கள்ளன் எங்கட அரிசியை அறிஞ்சு வந்திருக்கிறான். எனக்கு முதல் ஆரோ ஒரு வீட்டில பழகினவன். அந்த வீட்டுக்காரர் இந்த மண்டபத்திலயும் இருக்கலாம். இருந்தால் சொல்லுங்கோ."

ஒருவரும் சொல்லவில்லை. ஒருவரும் காப்பையும் எடுக்கவில்லை. "றெஜினா எழுதிக் குடுத்ததைப் பாடமாக்கிக்கொண்டு வந்திட்டா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பும் கேட்டது. காப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நேற்றுப் பொலிசில் ஒரு இளம் பெண். பொறுமையாக எழுதினாள். ஏன் கழுவினீர்கள் என்று கேட்டாள். வெட்கத்தில் என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு அதையும் எழுதினாள். பின்னேரம் நிறோஷினியின் புருஷன் நிர்மலன் வந்து, கலியாணப் படத்திலிருந்து நகையெல்லாம் பார்த்து எழுதிய பட்டியல் ஒன்றைத் தந்துவிட்டுப் போனான். வாசலுக்குள் காலை வைக்கவில்லை. டெனிஸ்ரனும் தருவானாம். ஸ்ரெபானி, தன் பேர் எங்கும் வரக் கூடாது என்று தகவல் அனுப்பியிருக்கிறாள்.

பெயர்த் தகட்டை நானே திருகினேன். அத்தான் திருகாணிக்கட்டையைத் தரமாட்டேன் என்று நின்றார். மேசைக்கத்தியால் திருகினேன்.

அக்கா
மேரிசெலின்


ஓகூஸ்
3 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். குளிர் தொடங்கிவிட்டது, தோளைப் போர்த்திக்கொள்ளுங்கள். ஆறு கிழமையாக நீங்கள் எழுதவில்லை. செபக் குழுவுக்கு உங்களுக்குப் பதிலாக வேறு ஒருவரைத் தலைவியாக்கிவிட்டார்கள் என்று அன்னா சொன்னாள். நீங்கள் சொல்லவில்லை. கேட்கவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போகிறீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் காப்பை றோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த இடத்தை நான் பல தரம் வாசித்தேன். அதை நான் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு அப்படி எழுத வராது.

அறிக்கையில் ஒரு பக்கம் புதிதாகச் சேர்த்தேன். இந்தக் கோடு எங்களுக்குச் சொல்லப்பட்ட களவுகளை மட்டும் காட்டுகிறது, சில வீடுகளில் சொல்லாமலிருப்பதே பழக்கம், அந்த வீடுகளைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று. எங்கள் பிரிவுத் தலைவி லோனா கூப்பிட்டுக் கேட்டார்.

"இதற்கு ஆதாரம் என்ன?"

"என் அக்கா."

"ஒரு அக்கா புள்ளிவிபரம் ஆகமாட்டாள், றெஜினா."

"ஆகமாட்டாள்தான். அதனால்தான் அது கோட்டில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது. பக்கத்தை எடுத்தால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள்."

அவர் நல்ல மனுஷி. நான் குரலை உயர்த்தி அவர் கேட்டதில்லை, இதிலும் உயர்த்தவில்லை. மூன்று நாள் கழித்து, பக்கம் இருக்கட்டும், பின்னிணைப்பில் என்றார். பின்னிணைப்பை யாரும் வாசிப்பதில்லை. ஆனால் அச்சில் இருக்கும்.

எனக்கு ஒரு வரியாவது எழுதுங்கள்.

தங்கை
றெஜினா


கிரின்ஸ்டெட்
16 டிசம்பர் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

மாதா எங்களை இன்னும் கைவிடவில்லை. அத்தானுக்கு இருமல், எனக்குத் தோள், மற்றபடி குறையில்லை. நீ போர்த்திக்கொள். ஒரு வரி கேட்டாய். ஒரு வரி எழுத எனக்கு எப்போது தெரிந்தது?

போகிறேன். ஒரு ஞாயிறும் விடவில்லை. முன் வாங்கில், நான் எப்போதும் இருக்கும் இடத்தில். செப்டம்பரிலிருந்து அந்த வாங்கில் அத்தானும் நானும்தான். பின்னால் நெருக்கிக்கொண்டு இருப்பார்கள், முன்னால் ஐந்து பேர் இருக்கலாம், வர மாட்டார்கள். குளிர்க்கோட்டை விரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சௌகரியமாக இருந்தேன். அத்தானுக்குத்தான் பொறுக்கவில்லை. "பின்னால போய் இருப்பம், செலின்." "நீங்கள் போங்கோ." அவரும் போகவில்லை.

நேற்று முன்தினம் பூசை தொடங்கிய பிறகு கிறிஸ்ரினா பாடகர் பக்கமிருந்து இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். எல்லோரும் பார்த்தார்கள். வாசகம் வாசிக்கிற நேரம் குனிந்து, "செலினக்கா, பொலிசில என்னென்ன கேப்பினம்?" என்றாள்.

நான் திரும்பவில்லை. "ஏன்?"

"எங்கட வீட்டிலயும் நடந்தது. போன வருஷத்துக்கு முதல் வருஷம், மார்கழியில. மகளின்ர நகை முழுக்க. அரிசிக்குள்ளதான் வச்சனான்."

றெஜினா, இவள் இரண்டு வருஷம் தெரிந்துகொண்டு இருந்திருக்கிறாள். மண்டபத்தில் எழும்பி நின்று என் புருஷனைக் கள்ளன் என்றவள், அரிசிக்குள் எப்படித் தெரியும் என்று கேட்டவள், அது எப்படி என்று தெரிந்த ஒரே ஆள். கன்னத்தில் ஒன்று கொடுக்க வேண்டும் போல இருந்தது. பூசை வைக்கும் சுவாமி முன்னால் நின்றார்.

"அண்டைக்கே சொல்லியிருந்தியெண்டால் எனக்கு நடந்திராது" என்றேன்.

"ஓம்" என்றாள். கண்ணைத் துடைக்கவில்லை. பிறகு, "ஒருத்தருக்கும் தெரியாமல் செய்யேலுமோ அக்கா? நீங்களும் நானும் மட்டும்" என்றாள்.

"ஏலாது" என்றேன். "ரகசியமெண்டால் என்னட்ட வராத. நாளைக்கு ஒன்பது மணிக்கு நான் பொலிஸ் வாசலில நிப்பன். வாறதெண்டால் வா. வந்தால் அடுத்த ஞாயிறு நீதான் தேத்தண்ணி மேசைக்கு முன்னால நிண்டு சொல்லோணும். என்ர மனுசனிட்டயும் மன்னிப்புக் கேக்கோணும், எல்லாருக்கும் முன்னால."

பாட்டுக்கு நேரமாகி எழும்பிப் போய்விட்டாள். அன்றைக்குக் குரல் சரியாக வரவில்லை அவளுக்கு.

நேற்று ஒன்பதுக்கு அத்தான் என்னைக் கொண்டுபோய் விட்டார். மழை. ஒன்பதே கால். ஒன்பதரை. அத்தான் காருக்குள்ளிருந்து, "அவள் வரமாட்டாள், வா போவம்" என்றார். நான் அசையவில்லை. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தெரு முனையில் குடை தெரிந்தது. கிறிஸ்ரினா மட்டுமில்லை. கூடவே ஸ்ரெபானி, பேர் எங்கும் வரக் கூடாது என்றவள், பொதியில் போனதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையில் பிடித்துக்கொண்டு.

அதே இளம் பெண்தான் உள்ளே. கிறிஸ்ரினாவின் டெனிஷ் பயத்தில் தடுமாறியது. நான் எடுத்துச் சொன்னேன். ஸ்ரெபானியினதையும் நான்தான் சொன்னேன். எழுதி முடித்து, கீழே ஒரு கோட்டைக் காட்டி, கூட வந்தவரின் பெயரும் போட வேண்டும் என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவர்களுக்கு நீங்கள் யார்? உறவினரா? மொழிபெயர்ப்பாளரா?"

"இரண்டும் இல்லை" என்றேன். "நான் முதலில் சொன்ன ஆள்."

அவள் அதை அப்படியே எழுதினாள். நான் கீழே கையெழுத்துப் போட்டேன், முழுப் பெயரும்.

உன் சுகத்துக்கு எழுது. கிறிஸ்மசுக்கு வா, பாதிரியாருக்குப் பயந்து அல்ல, எங்கள் வாங்கில் இன்னும் ஒரு இடம் இருக்கிறது.

உன் அக்கா
மேரிசெலின் அந்தோனிதாசன்